சிங்கப்பூர் வெக்கையில் கெஃபிர்: ஜாடியிலிருந்து மோர்க்குழம்பு வரை

கெஃபிர் என்ற புளித்த பாலின் செய்முறையை எங்கே தேடினாலும் ஒரே பாடம்தான்: உறையாக வேலை செய்யும் கெஃபிர் மணிகளைப் பாலில் போடுங்கள், 24 மணி நேரம் விடுங்கள், வடிகட்டுங்கள். அதை எழுதியவர் 20 டிகிரிச் சமையலறையில் நின்றுகொண்டு எழுதியிருப்பார். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 27.8 டிகிரி. மதியம் அடுப்பு மேடையில் இருக்கும் ஜாடி 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். அங்கே ஒரு நாள் முழுக்க விட்டால் மேலே கட்டி, கீழே மஞ்சள் தண்ணீர், வாயில் வைக்க முடியாத புளிப்பு. பலர் இதைப் பார்த்துவிட்டு, நம் ஊருக்கு இது சரிப்பட்டு வராது என்று மணிகளைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சரிப்பட்டு வரும். மணியின் அளவையும் நேரத்தையும் நம் சூட்டுக்குத் தகுந்தபடி குறைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வழிகாட்டியில் வரும் அளவுகள் எல்லாம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அடுப்படியை மனத்தில் வைத்துச் சொல்பவை.

கெஃபிர் என்பது என்ன

காக்கசஸ் மலைப் பகுதியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய புளித்த பால் இது. தயிரில் வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியா மட்டும். கெஃபிரில் அதோடு ஈஸ்ட்டும், கொஞ்சம் அசிட்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்து இருக்கும். உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் 2003ஆம் ஆண்டுத் தரப்படி, ஒரு கிராம் கெஃபிரில் குறைந்தது ஒரு கோடி நுண்ணுயிர்களும், அதுபோக 10,000 ஈஸ்ட் செல்களும் இருக்க வேண்டும். தயிர் வகைக்கு இந்த ஈஸ்ட் கணக்கே கிடையாது. கெஃபிரைக் குடிக்கும்போது நாக்கில் லேசாகச் சுருக்கென்று ஏறுகிறதே, அந்தச் சோடாத்தனம் ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவால் வருவது. அதே ஈஸ்ட் மிகச் சிறிய அளவில் ஆல்கஹாலையும் உண்டாக்கும். வீட்டுக் கெஃபிரில் இது பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். இருந்தாலும் அறவே கூடாது என்று இருப்பவர்கள் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. யாருக்காவது ஊற்றிக் கொடுக்கும்போதும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கெஃபிர் மணிகள் பார்க்கக் குட்டிக் காலிஃபிளவர் பூ மாதிரி இருக்கும். தொட்டால் ரப்பர்த்தன்மையும் லேசான வழுவழுப்பும். பாக்டீரியாக்கள் உண்டாக்கும் கெஃபிரான் என்ற பசைதான் அந்த உருவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மணிகளை வீட்டில் புதிதாக உண்டாக்க முடியாது. ஏற்கெனவே வளர்ப்பவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். கடையில் விற்கும் பாட்டில் கெஃபிரை உறையாக ஊற்றினால் ஒன்றிரண்டு முறை ஓரளவு ஒப்பேறும், மணி மட்டும் உருவாகாது. பொட்டலத்தில் வரும் உறைப்பொடியும் அப்படித்தான், சில சுற்றுகளுக்குப் பிறகு வீரியம் போய்விடும்.

மணிகளை வாங்குவது

கரோசெல் என்ற விற்பனைச் செயலியில் 'கெஃபிர் கிரெயின்ஸ்' என்று தேடினால் உங்கள் பேட்டையிலேயே யாராவது கொடுக்கத் தயாராக இருப்பார்கள். மணிகள் பெருகிக்கொண்டே போவதால் வளர்ப்பவர்களுக்கு அதை எங்கே தள்ளுவது என்பதே கவலை. பாலோடு, ஈரமாக, உயிரோடு இருப்பதை வாங்குங்கள். காய்ந்த மணிகளையும் எழுப்பலாம். ஆனால் தினமும் பால் மாற்றி, பல நாள் பொறுமையாக இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி மணி போதும். நிறைய கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் போட்டுவிடாதீர்கள். நம் சூட்டில் மணி அதிகமானால்தான் பாதித் தொல்லையே.

வாங்கும்போது மோந்து பாருங்கள். புளித்த பால் வாசனையும் கொஞ்சம் பன் மாவு வாசனையும் வர வேண்டும். நிறம் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். எம்ஆர்டியில் எடுத்து வருவதாக இருந்தால் டப்பாவை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். வாயு சேர்ந்து மூடி பிதுங்கினால் பைக்குள் பால் கொட்டும்.

பாலும் பாத்திரமும்

கொழுப்பு நீக்காத பசும்பால் வாங்குங்கள். ஃபேர்பிரைஸிலோ ஷெங் சியோங்கிலோ குளிர்பெட்டியில் இருக்கும் பாஸ்டரைஸ் செய்த எந்தப் பாலும் சரி. தயிருக்குச் செய்வது மாதிரி காய்ச்சி, ஆற வைத்து, வெதுவெதுப்பு பார்க்கும் வேலை இதில் இல்லை. குளிர்ந்த பாலை அப்படியே ஊற்றலாம். அலமாரியில் வைக்கும் யுஎச்டி பாலும் நன்றாகவே வரும். மணிகளுக்குத் தேவை லாக்டோஸ் சர்க்கரை. அதைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் ஏற்கெனவே பிரித்து விற்கும் லாக்டோஸ் இல்லாத பாலிலும் மணிகள் சமாளித்துக்கொள்ளும். கொழுப்பு குறைந்த பாலில் கெஃபிர் நீர்த்து வரும். ஆட்டுப்பாலிலும் கொஞ்சம் இளக்கமாகத்தான் இருக்கும், ருசியில் குறையிருக்காது. தேங்காய்ப்பாலிலும் சோயாப்பாலிலும் எப்போதாவது ஒரு சுற்று விடலாம். அதில் மணி வளராது, அடுத்த சுற்றுக்கு மாட்டுப்பாலுக்குத் திருப்பிவிட வேண்டும்.

பாத்திரம் கண்ணாடி ஜாடி. ஊறுகாய் பாட்டிலைக் கழுவி வைத்திருந்தாலும் சரி, ஊறுகாய் வாசனை முழுக்கப் போயிருக்க வேண்டும். எவர்சில்வர் வடிகட்டியும் கரண்டியும் பயன்படுத்தலாம், அந்தச் சில நொடித் தொடுகையில் ஒன்றும் ஆகிவிடாது. அலுமினியம், பித்தளை, செம்பு இவற்றின் பக்கம் மட்டும் போக வேண்டாம். புளிப்பு அந்த உலோகங்களைக் கரைத்துவிடும். தயிர் உறைக்கு வைத்திருக்கும் கரண்டியையும் இதற்குள் விடாதீர்கள். இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

வாய்க்கு மெல்லிய துணி கட்டி ரப்பர் பேண்ட் போடலாம், இல்லையென்றால் மூடியை முறுக்காமல் சும்மா வைக்கலாம். நான் மூடியைத்தான் சொல்வேன். துணி புளிப்பு வாசனையை வெளியே விடும், அரை மணி நேரத்தில் எறும்புப் படை வந்துவிடும். பழ ஈக்கும் அது விருந்து. எறும்புத் தொல்லை அதிகமான வீட்டில் ஜாடியை ஒரு தட்டில் வைத்துச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றுவது பாட்டி காலத்து வழி, இப்போதும் பலிக்கும். ஆனால் அந்தத் தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்றுங்கள். பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரே டெங்கிக் கொசுவுக்குப் போதும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அடுப்படியில் நாமே ஒன்றைத் திறந்து வைக்கக் கூடாது.

ஊற்றி வைப்பது

சுத்தமான ஜாடியில் ஒரு மேசைக்கரண்டி மணி, அதாவது ஏறக்குறைய 15 கிராம். அதன் மேல் 500 மில்லி பால். குளிர்நாட்டுக் குறிப்புகள் இதே மணிக்கு 250 மில்லிதான் சொல்லும். இங்கே பாலை இரட்டிப்பாக்கினால்தான் வேகம் கட்டுக்குள் இருக்கும். மேலே இரண்டு விரல் இடம் விட்டு, மூடியை வைத்து, வெயில் விழாத மூலையில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் ஃபிரிட்ஜ் மேலேயும் வேண்டாம், இரண்டும் சூடான இடங்கள். இடையில் ஒருமுறை ஜாடியை லேசாகச் சுழற்றிவிட்டால் மணிகள் புதுப் பாலைத் தொடும்.

28 முதல் 30 டிகிரியில் இந்த அளவுக்கு 12 முதல் 16 மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்கு ஊற்றி வைத்தால் காலை வேலைக்குக் கிளம்பும் முன் இளம் புளிப்பில் எடுத்துவிடலாம். ஏர்கான் ஓடும் அறையில் வைத்தால் இன்னும் சில மணி நேரம் கூடும். டிசம்பர், ஜனவரி மழையில் வானம் இரண்டு மூன்று நாள் வெளுக்காமல் ஊற்றும்போது வெப்பநிலை 23, 24 டிகிரிக்கு இறங்கும், அப்போதும் கூடும். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் பார்க்க முடியும், 24 மணி நேரச் சுழற்சிதான் வசதி என்றால் மணியை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள். அது போதும்.

எடுக்கும் நேரம்

கடிகாரத்தை விட ஜாடியை நம்புங்கள். பத்தாவது மணி நேரத்திலிருந்து கவனிக்கத் தொடங்கலாம். ஜாடியைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பால் இன்னும் பாலாக அலைந்தால் ஆகவில்லை. சாய்க்கும்போது மொத்தமும் ஒரே கட்டியாக, சோம்பலாக நகர்ந்து, கண்ணாடியில் தடித்த வெள்ளைப் படலத்தை விட்டுச் சென்றால் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. அப்புறம் ஜாடியின் பக்கவாட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மணிகள் மேலே மிதந்து கூடியிருக்கும். அடியிலோ நடுவிலோ பட்டாணி அளவுக்குத் தெளிந்த நீர்ப்பை ஒன்றிரண்டு தெரியும். சின்னச் சின்ன வாயுக் குமிழிகளின் தடங்களும் இருக்கும். அந்த நீர்ப்பை தோன்றும் தருணம்தான் வடிகட்ட வேண்டிய தருணம். குடிப்பதற்கு இதைவிட நல்ல பதம் கிடையாது.

ஏன் அப்படி ஆகிறது என்றால், புளிப்பு ஏறி பிஎச் 4.6க்குப் பக்கத்தில் வரும்போது பாலின் கேசீன் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் இறுகுகிறது. அதற்கும் கீழே போகப் போக அந்த வலை சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளுகிறது. நீங்கள் தூங்கிவிட்டு வந்து பார்க்கும்போது முழுசாக இரண்டாகப் பிரிந்திருந்தால் அது கெட்டுப்போனதில்லை, முற்றிப்போனது. மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கி வடிகட்டுங்கள். குடிக்கப் பிடிக்காது. குழம்புக்கும் மாவுக்கும் அதுதான் உத்தமம், கீழே வருகிறேன்.

வடிகட்டல்

ஒரு பாத்திரத்தின் மேல் வடிகட்டியை வைத்து ஜாடியைக் கவிழ்த்து, கரண்டியின் பின்புறத்தால் மெல்லத் தள்ளித் தள்ளி வடியுங்கள். மணிகளைப் பிழிய வேண்டாம். வடிந்தது கெஃபிர். அதை ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் புளிப்பு கூடும். மணிகள் நேராகப் புதுப் பாலுக்குள் போகட்டும்.

மணிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவும் பழக்கம் சிலருக்கு உண்டு. தேவையே இல்லை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கட்டுப்படுத்தக் குளோரமைன் சேர்க்கிறார்கள். நமக்கு நல்லது, மணிகளுக்கு நல்லதில்லை. கழுவியே ஆக வேண்டுமென்றால் கொஞ்சம் பாலில் அலசுங்கள். மேலே வழுவழுப்பாக ஒட்டியிருப்பது அழுக்கில்லை, கெஃபிரான்தான்.

வீடு மாறிய மணிகள் முதல் சில நாள் முரண்டு பிடிக்கும். பால் கட்டாமல் இருக்கலாம், ஈஸ்ட் வாடை தூக்கலாக அடிக்கலாம். தினமும் பால் மாற்றிக்கொண்டே வந்தால் ஒரு வாரத்துக்குள் வழிக்கு வரும். அந்தப் பாலை வீணாக்க வேண்டியதில்லை, வாசனை ஒத்துக்கொண்டால் சப்பாத்தி மாவில் சேர்க்கலாம்.

எப்போது கொட்டிவிட வேண்டும் என்பதில் மட்டும் தயவுதாட்சண்யம் கூடாது. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என்று நிறம் தெரிந்தாலோ, பஞ்சு மாதிரி பூசணம் பூத்தாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ பாலோடு மணிகளையும் சேர்த்துக் கொட்டுங்கள். மேலாக வழித்துவிட்டு மீதியைக் காப்பாற்றும் வேலை வேண்டாம். இதற்காகவே நன்றாக இருக்கும்போதே கொஞ்சம் மணியை ஃபிரீசரில் சேமித்து வைப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாம் புளிப்பு

வடிகட்டிய கெஃபிரை, மணி இல்லாமல், பாட்டிலில் ஊற்றி வாசனைக்கு ஏதாவது போட்டு இன்னும் சில மணி நேரம் வெளியே வைப்பது. எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதி, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு ஏலக்காய், முடிச்சுப் போட்ட பாண்டான் இலை, எது வேண்டுமானாலும் சேரும். இங்கே மூன்று நான்கு மணி நேரம் போதும், உடனே ஃபிரிட்ஜுக்கு. பாட்டிலில் கால் பங்கு காலி இடம் விடுங்கள். இறுக்கி மூடிய பாட்டிலை வெளியே மறந்துவிட்டால் வாயு அழுத்தத்தில் கண்ணாடி வெடிக்கக்கூடும். பழக்கூழ் போட்டால் சர்க்கரை கூடுவதால் ஆபத்து இன்னும் அதிகம். மாம்பழமெல்லாம் குடிக்கும்போது அடித்துக்கொள்ளலாம், பாட்டிலுக்குள் வேண்டாம் என்பது என் கட்சி.

யார் எவ்வளவு

புதிதாகத் தொடங்குபவர்கள் அரை டம்ளரில் தொடங்குங்கள். வயிறு பழகப் பழகக் கூட்டலாம். புளிக்கும்போது லாக்டோஸ் குறையும், முழுசாகப் போய்விடாது. பால் குடித்தால் வயிறு உப்பும் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளும், எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கெஃபிரும் பால்தான், தொடக் கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் புளிக்க வைக்கும் எதற்கும் இது பொருந்தும். சர்க்கரை நோய் தீரும், எடை குறையும் என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலை நான் இங்கே எடுத்து வைக்கப் போவதில்லை. நல்ல உணவு, அந்த அளவுக்கு நிறுத்திக்கொள்வோம்.

இனி அடுப்படி

சூடு காட்டினால் கெஃபிரில் உள்ள உயிர்கள் செத்துவிடும். ஆகவே உயிரோடு வயிற்றுக்குள் போக வேண்டும் என்பவர்கள் குளிர்ந்த பண்டங்களில் சேர்க்க வேண்டும். சமையலில் நமக்குக் கிடைப்பது அதன் புளிப்பும், மெதுவாகப் பதமாக்கும் அமிலமும், மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டும்.

முதலில் நீர்மோர், ஏனென்றால் கெஃபிருக்குப் பிறவிப் பொருத்தம் அதோடுதான். ஒரு பங்கு கெஃபிர், ஒன்றரைப் பங்கு குளிர்ந்த தண்ணீர், இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளி, உப்பு, பெருங்காயம். மிக்ஸியில் அடிக்காதீர்கள், வாயு போய்விடும். மத்தால் இரண்டு சுற்று போதும். பகல் வெயிலில் சந்தைக்குப் போய்வந்து இதைக் குடித்தால் மோரைவிட ஒரு படி மேலே என்றுதான் தோன்றும்.

மோர்க்குழம்பில் கவனம் வேண்டும். கெஃபிர் தயிரைவிட நீர்த்தது, புளிப்பும் கூடுதல், சூடு பட்டால் சட்டென்று திரிந்துவிடும். திரியாமல் காப்பது அரிசியும் பருப்பும் தேங்காயும் சேர்ந்த அரைப்பு. மாவுச்சத்தும் கொழுப்பும் புரதத்துக்கு நடுவே புகுந்து அது கட்டிக்கொள்வதைத் தடுக்கும். நாலு பேருக்கு இப்படிச் செய்யுங்கள்:

ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பையும் இரண்டு தேக்கரண்டி பச்சரிசியையும் அரை மணி நேரம் ஊற வையுங்கள். அதோடு கால் மூடித் தேங்காய்த் துருவல், மூன்று பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், சின்னத் துண்டு இஞ்சி சேர்த்து மை மாதிரி அரையுங்கள். கரகரப்பாக விட்டால் திரியும்.

கால் கிலோ வெண்பூசணியைத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சள் தூளும் சேர்த்துக் கொஞ்சமான தண்ணீரில் வேக வையுங்கள். தேக்கா ஈரச்சந்தையில் கீற்றாக நறுக்கி விற்பார்கள், அதுவே போதும். அரைத்ததைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, பச்சை வாசனை போனதும் அடுப்பை மிகச் சிறியதாக்குங்கள்.

முற்றிய கெஃபிர் 300 மில்லி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துச் சில்லிப்பு போனது. அதில் ஒரு கரண்டி சூடான குழம்பைக் கலந்து, பிறகு அந்தக் கலவையைச் சட்டியில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். கொதிக்கக் கூடாது, மூடியும் போடக் கூடாது. தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

முதல் தடவை இதைச் சாப்பிட்ட என் மாமியார், "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என்ன மோரும்மா?" என்று கேட்டார். கொஞ்சம் வேறு மாதிரிதான் இருக்கும். புளிப்பில் ஒரு கூர்மை தெரியும். வெந்தயத்தைக் கூடுதலாக வறுத்தால் அது அடங்கும்.

கெஃபிர் உண்மையிலேயே தன் கைவரிசையைக் காட்டுவது ஆப்பத்தில். கள்ளோ கடை ஈஸ்ட்டோ போட்டுச் செய்வதை இங்கே மணிகளின் ஈஸ்ட் செய்துகொடுக்கும். இரண்டு கப் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊற வைத்து, அரைக் கப் சாதம், அரைக் கப் தேங்காய்த் துருவல் சேர்த்து, தண்ணீருக்குப் பதிலாக அரைக் கப் கெஃபிரும் தேவைக்கு இளநீரும் விட்டு நைசாக அரையுங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை போட்டுப் பெரிய பாத்திரத்தில் வையுங்கள். இரவு பத்து மணிக்கு அரைத்தால் காலை ஆறு, ஏழு மணிக்கெல்லாம் மேலே குமிழி குமிழியாகப் பொங்கியிருக்கும். உப்பைக் காலையில் போடுங்கள். சட்டியில் ஊற்றிச் சுழற்றும்போது ஓரம் சல்லடைக்கண் மாதிரி விரிந்தால் பதம் சரி. விரியாமல் தடித்து நின்றால் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு இளக்குங்கள்.

அவசரத்துக்கு ரவா இட்லி. நெய்யில் வறுத்த ஒரு கப் ரவைக்கு முக்கால் கப் கெஃபிர், தாளிப்பு, கேரட் துருவல், உப்பு. இருபது நிமிடம் ஊறட்டும். ஊற்றும் முன் ஒரு சிட்டிகை சமையல் சோடா. கெஃபிரின் அமிலம் சோடாவோடு சேர்ந்து உடனே நுரைக்கும், அந்த நுரை அடங்குவதற்குள் தட்டில் ஊற்றி ஆவியில் வைத்துவிட வேண்டும்.

கறிக்கு ஊற வைக்கத் தயிரைவிட கெஃபிர் எனக்குப் பிடிக்கும். அரைக் கிலோ கோழிக்கு 100 மில்லி, உப்பும் இஞ்சி பூண்டு விழுதும் மஞ்சளும் சேர்த்து ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரத்திலிருந்து ஓர் இரவு வரை. ஆட்டுக்கறி இரவு முழுக்க இருக்கலாம். மீனுக்கு இருபது நிமிடம் தாண்டினால் சதை மாவாகிவிடும். ஆனால் தந்தூரி மாதிரி மசாலா மேலே ஒட்டி நிற்க வேண்டிய பண்டத்துக்கு நீர்த்த கெஃபிர் உதவாது, வழிந்து தட்டில் நிற்கும். அதற்குக் கெட்டிக் கெஃபிர் வேண்டும்.

கெட்டிக் கெஃபிர் செய்வது சுலபம். வடிகட்டி மேல் மெல்லிய வேட்டித் துணி விரித்து, முற்றிய கெஃபிரை ஊற்றி, அடியில் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். வெளியே தொங்கவிட வேண்டாம், இந்தச் சூட்டில் விடிவதற்குள் கடும்புளிப்பாகிவிடும். காலையில் துணிக்குள் கத்தியால் தடவும் பதத்தில் இருக்கும். உப்புப் போட்டுக் குழைத்து, ரொட்டியில் தடவி, மேலே இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும். வீட்டுப் பிள்ளைகள் கடைச் சீஸைக் கேட்பதை மறந்துவிடுவார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் தட்டு காலியாகும். வெள்ளரிக்காய் பச்சடிக்கும் இதுவே சரி, நீர்விட்டுக்கொள்ளாது.

வடிந்த மஞ்சள் நீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம், மறுநாளும் மென்மையாக இருக்கும். ரசத்தில் புளியைப் பாதியாகக் குறைத்து, இறக்கிய பிறகு ஒரு கரண்டி இதை விடலாம்.

தயிர்சாதத்துக்கு மட்டும் நான் கெஃபிரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டில் பிசைந்து உடனே சாப்பிடுவதென்றால் பரவாயில்லை. காலையில் பிசைந்து பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவில் கொடுத்துவிட்டால் பள்ளி இடைவேளைக்குள் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும், ஒரு மாதிரி நுரைத்த வாடை வரும். அதற்குத் தயிரே இருக்கட்டும். பாயசம், பால்கோவா மாதிரி பாலின் இனிப்பை நம்பிய எதிலும் இதற்கு இடமில்லை.

ஊருக்குப் போகும்போது

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் பத்துப் பதினைந்து நாள் ஊருக்குப் போவதென்றால், மணிகளை நிறையப் புதுப் பாலில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். குளிரில் மெதுவாகப் புளித்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் தாங்கும். திரும்பி வந்ததும் அந்தப் பாலை வடித்துவிட்டுப் புதுப் பால் ஊற்றினால் ஒன்றிரண்டு சுற்றில் பழைய சுறுசுறுப்பு வரும்.

அதற்கும் மேலே என்றால் ஃபிரீசர். மணிகளைப் பாலில் அலசி, சுத்தமான துணியில் ஈரத்தை ஒற்றி எடுத்து, பால்பவுடரில் புரட்டி, ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். பையின் மேல் தேதியை எழுதுங்கள், இரண்டு மாதம் வரை நம்பலாம். வெளியே எடுக்கும்போது வெந்நீரில் உருக்காமல் நேராகக் குளிர்ந்த பாலில், குறைந்த அளவு பாலில், ஒரு கப்பில் தொடங்குங்கள். தினமும் பாலை மாற்றுங்கள். பால் 24 மணி நேரத்துக்குள் கட்டத் தொடங்கியதும் அளவை மெல்லக் கூட்டி 500 மில்லிக்குக் கொண்டுவாருங்கள்.

மணிகள் பெருகி ஒரு மேசைக்கரண்டியைத் தாண்டும்போதெல்லாம் மிகுதியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் 12 மணி நேரம் எட்டாகும், எட்டு ஆறாகும். எடுத்ததை மாம்பழத்தோடு மிக்ஸியில் அடித்துக் குடிக்கலாம். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் ஒரு கரண்டி மணியைச் சின்ன டப்பாவில் பாலோடு ஊற்றிக் கொடுங்கள், கூடவே '500 மில்லி, 12 மணி நேரம்' என்று ஒரு துண்டுச்சீட்டையும் ஒட்டிக் கொடுங்கள்.